கல்லீரல் சீழ்க்கட்டி: குழாய் வைத்துச் சீழை வடித்த பிறகும் வாரக்கணக்கில் மருந்து எதற்கு?

இளையவள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. பல ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. அது ஒழுங்காகக் கட்டுப்பாட்டில் இருந்ததில்லை. சில வாரங்களாகக் குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுச் சமாளித்தார். பின்னர் வலது விலாவுக்குக் கீழே வலி தொடங்கியது. மூச்சை ஆழமாக இழுத்தால் அந்த வலி வலது தோள்பட்டை வரை ஏறியது. பசி முற்றிலும் நின்றுபோன பிறகே மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். அல்ட்ராசவுண்ட், சி.டி. ஸ்கேன் இரண்டும் எடுத்துப் பார்த்ததில், கல்லீரலின் வலது மடலில் 8 செ.மீ. அளவுக்குச் சீழ்க்கட்டி இருப்பது தெரிந்தது. அன்றே ஆன்டிபயாடிக் ஊசிகளைத் தொடங்கி, மறுநாள் ஸ்கேன் பார்த்தபடியே விலாவின் வழியாக ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தினார்கள். முதல் நாளில் நிறையச் சீழ் வந்தது. இப்போது காய்ச்சல் தணிந்திருக்கிறது. பையில் சேரும் அளவும் குறைந்துகொண்டே வருகிறது.

மருத்துவர்கள் எதையும் மறைக்கவில்லை. கேட்டால் விளக்கவும் செய்கிறார்கள். ஆனால், பரபரப்பான வார்டில் நின்றபடி கேட்டுக்கொள்வது முழுமையாக மனத்தில் பதிவதில்லை. வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்வது வேறு குழப்புகிறது. எங்கள் சித்தப்பாவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இதே கட்டி வந்து வெறும் மாத்திரையிலேயே குணமாயிற்று. அப்படியிருக்க இவருக்கு மட்டும் குழாய் எதற்கு என்று அம்மா கேட்கிறார். குழாய் வைத்து இழுத்தடிப்பதைவிட ஒரேயடியாக அறுவை செய்து சுத்தம் செய்துவிடலாமே என்று பெரியப்பா சொல்கிறார். எனக்கோ வேறு ஐயம்: சீழ்தான் வெளியே வந்துவிட்டதே, பிறகு ஏன் நான்கு முதல் ஆறு வாரம் வரை மருந்து என்கிறார்கள்? குழாயை எதை வைத்து எடுப்பார்கள்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் உதவியாக இருக்கும்.

கதிர்வழி

வணக்கம். ஸ்கேன் உதவியுடன் இத்தகைய குழாய்களைப் பொருத்துவது என் தொழில். உங்கள் அண்ணனின் படங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே இதைப் பொதுவான விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிவுகளை அவருடைய மருத்துவர்களே எடுக்க வேண்டும்.

நாம் சாப்பிடும் மருந்தும் ஊசிவழி ஏறும் மருந்தும் இரத்தத்தின் வழியாகத்தான் உடலெங்கும் செல்கின்றன. சீழ்க்கட்டியின் உட்பகுதியில் இரத்தக் குழாய் கிடையாது. இறந்த கல்லீரல் திசுவும், அழிந்த வெள்ளணுக்களும், கோடிக்கணக்கான கிருமிகளும் கலந்து தேங்கிய குட்டை அது. மருந்து அந்தக் குட்டையின் கரை வரை, அதாவது கட்டியின் சுவர் வரை நன்றாகவே வந்து சேரும். அதற்கு அப்பால் சிறிதளவுதான் ஊடுருவும். ஊடுருவியதும் அங்கே முழுவீச்சில் வேலை செய்வதில்லை, ஏனெனில் சீழ் அமிலத்தன்மை உடையது, அதில் ஆக்சிஜன் குறைவு, கிருமிகளின் நெருக்கமும் மிக அதிகம். கட்டி சிறியதாக இருந்தால், ஏறத்தாழ 3 செ.மீ.க்குள் இருந்தால், மருந்தும் உடலின் எதிர்ப்பாற்றலும் சேர்ந்து அதைக் கரைத்துவிடக்கூடும். 5 செ.மீ.யைத் தாண்டிய பாக்டீரியாக் கட்டிக்கு மருந்தை மட்டும் நம்பியிருப்பதில்லை. பெரும்பாலும் குழாய் வைக்கிறோம். இடைப்பட்டவற்றை ஊசியால் ஒருமுறையோ சிலமுறையோ உறிஞ்சி எடுப்பதுண்டு. இந்த அளவுகள் கோடு கிழித்தாற்போன்ற எல்லைகள் அல்ல. நோயாளி எவ்வளவு தளர்ந்திருக்கிறார், கட்டியின் உள்ளே இருப்பது நீர்த்த சீழா அல்லது இன்னும் இளகாத திசுவா, எத்தனை கட்டிகள் உள்ளன என்பவை அனைத்தும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. இளகாத கட்டியில் அவசரப்பட்டுக் குழாய் வைத்தால் ஒன்றும் வராது.

செய்முறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் பாதி அச்சம் விலகும். முதலில் இரத்தம் ஒழுங்காக உறைகிறதா என்று தட்டணுக்களின் எண்ணிக்கையையும் ஐ.என்.ஆர். அளவையும் பார்ப்போம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எதையாவது எடுத்துக்கொள்பவரா என்று கேட்போம். ஸ்கேனில் தெரிவது உண்மையில் சீழ்க்கட்டிதானா, நாடாப்புழு வகையொன்றால் உண்டாகும் நீர்க்கட்டியா என்பதையும் எண்ணிப் பார்ப்போம்; அந்த நீர்க்கட்டியை முன்னேற்பாடின்றிக் குத்தினால் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படக்கூடும். அல்ட்ராசவுண்டின் பெரிய வசதி, ஊசி முன்னேறுவதை அந்தக் கணமே திரையில் பார்க்க முடிவது, கதிர்வீச்சும் இல்லை. உதரவிதானத்தை ஒட்டி மிக மேலே இருக்கும் கட்டி, உள்ளே காற்று நிறைந்த கட்டி, அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியாத கட்டி போன்றவற்றுக்குச் சி.டி.யைத் துணைக்கு அழைக்கிறோம்.

இந்த வேலையில் கடினமான பகுதி குத்துவது அன்று, எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்வதே. கட்டி மேற்பரப்பை முட்டிக்கொண்டிருந்தால்கூட, நேராக அதில் குத்தாமல், சிறிதளவு நல்ல கல்லீரல் திசுவைக் கடந்து உள்ளே போவதையே விரும்புவோம். அந்தத் திசு குழாயைச் சுற்றி இறுக்கிப் பிடிப்பதால், சீழ் வயிற்றறைக்குள் கசியாது. பெரிய இரத்தக் குழாய்கள், பித்தப்பை, குடல் ஆகியவற்றை விலக்க வேண்டும். விலா எலும்புகளின் கீழ்விளிம்பை ஒட்டி நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுவதால் எலும்பின் மேல்விளிம்பை ஒட்டியே நுழைவோம். நுரையீரலைச் சுற்றிய உறை நாம் நினைப்பதைவிடக் கீழே இறங்கியிருக்கும்; அதைத் துளைத்துவிட்டால் சீழ் மார்புக்குள் பரவும் அபாயம் உண்டு. தோல் முதல் கல்லீரலின் மேலுறை வரை மரப்பு ஊசி போட்ட பிறகு, ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் வழியாக வளையும் கம்பி ஒன்றை விட்டு, வழியைச் சற்று அகலப்படுத்தி, அந்தக் கம்பியின் மேலேயே குழாயை நழுவவிடுகிறோம். குழாயின் நுனி உள்ளே சென்றதும் பன்றிவால் போலச் சுருண்டுகொள்ளும். அதனால்தான் அதற்குப் பிக்டெயில் என்று பெயர். பொதுவாக 8 முதல் 14 பிரெஞ்சு வரையுள்ள குழாய்களைப் பயன்படுத்துகிறோம். ஒரு பிரெஞ்சு என்பது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆக, 12 பிரெஞ்சுக் குழாய் 4 மி.மீ. பருமனுடையது.

குழாய் வைத்த சில மணி நேரத்தில் சிலருக்குக் கடும் குளிர்நடுக்கம் வரும். கட்டியைத் தொட்டதால் கிருமிகள் இரத்தத்தில் கலப்பதே காரணம். இதற்காகவே ஆன்டிபயாடிக்கை முன்கூட்டியே தொடங்குகிறோம்; முதல் நாளிலேயே உப்புநீரை நிறைய உள்ளே செலுத்திக் கழுவுவதையும் தவிர்க்கிறோம். இரத்தக் கசிவு, நுரையீரல் உறையில் நீர் கோத்தல், குழாய் அடைத்துக்கொள்ளுதல், நழுவி வெளியே வருதல் ஆகியவையும் நேரலாம். முதலிரண்டும் அரிது, பின்னிரண்டும் அவ்வளவு அரிதல்ல.

உங்கள் பெரியப்பா சொல்வது ஒரு காலத்தில் சரியான யோசனைதான். 1938-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்களான ஆக்ஸ்னரும் டிபேக்கியும் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதியபோது வயிற்றைத் திறந்து வடிப்பதே முறையாக இருந்தது. 1953-இல் ஹாங்காங்கில் மெக்ஃபேட்சியனும் அவருடன் பணியாற்றியவர்களும், தனித்த சீழ்க்கட்டிகளை ஊசியால் உறிஞ்சி ஆன்டிபயாடிக் கொடுத்தே குணப்படுத்தலாம் என்று காட்டினார்கள். ஆனாலும், கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் ஊசியைச் செலுத்துவதற்குப் பலர் தயங்கினார்கள். அல்ட்ராசவுண்டும் சி.டி.யும் பரவலான பிறகே இந்த முறை நிலைபெற்றது. இன்றும் அறுவைக்கு இடமுண்டு: கட்டி வயிற்றறைக்குள் உடைந்துவிட்டாலோ, குழாய் வைத்தும் நோயாளி தேறாவிட்டாலோ, சீழ்க்கட்டிக்குக் காரணமான வேறொரு வயிற்றுநோய்க்கே அறுவை தேவைப்பட்டாலோ அதைச் செய்கிறோம். குழாயிலேயே தேறிவரும் ஒருவருக்குப் பொது மயக்கமருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பதால் ஆபத்துதான் கூடும்.

குழாயை எடுப்பதற்கு மூன்று சேதிகள் ஒத்துவர வேண்டும். காய்ச்சலும் வலியும் அடங்கி வெள்ளணு எண்ணிக்கை இறங்கியிருக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள்களுக்கு ஒரு நாளில் வடியும் அளவு (வடிவு) ஏறத்தாழ 10 மி.லி.க்குள் இருக்க வேண்டும். கட்டி சுருங்கியிருப்பதை ஸ்கேன் காட்ட வேண்டும். வடிவு குறைந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். நேற்று வரை நிறைய வந்துகொண்டிருந்தது இன்று திடீரென்று நின்று, கூடவே காய்ச்சலும் ஏறினால், அது குழாய் அடைத்துக்கொண்டதன் அறிகுறி. மாறாக, நாள்கள் பல ஆகியும் பச்சைமஞ்சள் நீராக வந்துகொண்டே இருந்தால், கட்டி பித்தநாளத்தோடு தொடர்பு கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால், வாய்வழி அகநோக்கியைச் செலுத்திப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைத்துப் பித்தநீரைக் குடலுக்குத் திருப்பிவிட வேண்டியிருக்கும்.

உள்நோய்மருத்துவர்

மேலே உள்ள விளக்கத்தோடு எனக்கு முழு உடன்பாடு. மருந்தையும் காரணத்தையும் பற்றி நான் எழுதுகிறேன்.

உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் அமீபாவால் உண்டான கட்டியாக இருந்திருக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், நோய் வேறு. என்டமீபா ஹிஸ்டாலிட்டிகா என்னும் ஒற்றைச்செல் உயிரி, அசுத்தமான நீர் அல்லது உணவின் வழியாகக் குடலுக்குள் சென்று, அங்கிருந்து, குடலின் இரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுசெல்லும் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலை அடைகிறது. பெண்களைவிட ஆண்களுக்கு, அதிலும் நடுவயது ஆண்களுக்கு, பலமடங்கு அதிகமாக வருகிறது. பெரும்பாலும் வலது மடலில் ஒற்றைக் கட்டியாகவே இருக்கும். வயிற்றுப்போக்கு இருந்ததே இல்லை என்று நோயாளி சொல்வதும் வழக்கம். அதை வைத்து அமீபா இல்லை என்று முடிவு செய்ய முடியாது. உறிஞ்சினால் செம்பழுப்பு நிறத்தில், நாற்றமில்லாத கூழ் வரும். அதில் அமீபா அரிதாகவே தென்படும், ஏனெனில் அவை கட்டியின் சுவரில்தான் இருக்கின்றன. அதனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையையே பெரிதும் நம்புகிறோம்.

அமீபாக் கட்டி மெட்ரோனிடசோலுக்கு வியக்கத்தக்க வகையில் கட்டுப்படும். பெரியவர்களுக்கு 500 முதல் 750 மி.கி. வரை நாளுக்கு மூன்று வேளையாக 7 முதல் 10 நாள்கள் கொடுப்பது வழக்கம். மூன்று நான்கு நாள்களுக்குள் காய்ச்சலும் வலியும் தணியத் தொடங்கிவிடும். கட்டி மிகப் பெரிதாகி உடையும் நிலையில் இருந்தாலோ, இடது மடலில் இருந்து இதய உறைக்குள் உடையும் அபாயம் இருந்தாலோ, மருந்து தொடங்கிச் சில நாள்களாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, பாக்டீரியாவா அமீபாவா என்றே தெளிவாகாவிட்டாலோதான் ஊசியோ குழாயோ வருகிறது. ஆகவே சித்தப்பா மாத்திரையில் குணமானதும் அண்ணனுக்குக் குழாய் தேவைப்பட்டதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன், ஏனெனில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். மெட்ரோனிடசோல் திசுவில் உள்ள அமீபாவைக் கொல்கிறது. குடலின் உட்பரப்பில் தங்கியிருக்கும் அமீபாவை முழுமையாக ஒழிப்பதில்லை. காய்ச்சல் நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நிறுத்திவிட்டால், சிலருக்குச் சில மாதங்களில் கட்டி திரும்பிவரும். அதனால் அதன் பிறகு பாரோமோமைசின் 7 நாள்களோ, டைலாக்சனைட் ஃபியூரோயேட் 10 நாள்களோ கொடுக்க வேண்டும்.

உங்கள் அண்ணனின் கதைக்கு வருவோம். நீரிழிவு, குளிர்நடுக்கம், குழாயில் சீழ் என்பவை பாக்டீரியாக் கட்டியையே சுட்டுகின்றன. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வந்தால் உறுதியாகிவிடும். பித்தநாள அடைப்பிலிருந்தும், குடல்வால் அழற்சி போன்ற குடல் தொற்றுகளிலிருந்தும், இரத்தத்தின் வழியாகவும் கிருமிகள் கல்லீரலுக்கு வரலாம். ஈ. கோலி, கிளெப்சியெல்லா நிமோனியே, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகள் எனப் பட்டியல் நீளம். பல நேரங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும். கிருமி எதுவென்று தெரியும்வரை, செஃப்ட்ரையாக்சோனுடன் மெட்ரோனிடசோல், அல்லது பிப்பரசிலின்-டாசோபேக்டம் போன்ற, பல வகைக் கிருமிகளைத் தாக்கும் பரந்த மருந்துகளைக் கொடுக்கிறோம். எதிர்ப்பு மிகுந்த கிருமி என்ற ஐயம் இருந்தால் மெரோபெனம் போன்றவற்றுக்குப் போகிறோம். சீழின் கல்ச்சர் வந்ததும் அதற்கேற்பக் குறுக்கிக்கொள்வோம். இரத்தக் கல்ச்சரை முதல் ஊசிக்கு முன்பே எடுப்பது முக்கியம். ஆனால் நோயாளி இரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் இருந்தால் கல்ச்சருக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

வாரக்கணக்கில் மருந்து எதற்கு என்ற கேள்விக்கு இதோ விடை: குழாய் வெளியேற்றுவது குட்டையின் நடுவில் தேங்கியதை. கட்டியின் சுவரிலும், அதைச் சுற்றியுள்ள திசுவிலும், குழாய் எட்டாத சிறு அறைகளிலும் கிருமிகள் எஞ்சியிருக்கும். சீழ் வடிந்து அழுத்தம் குறைந்த பிறகே அந்தச் சுவருக்கு இரத்த ஓட்டம் மேம்பட்டு, மருந்து முழுவீச்சில் வேலை செய்யத் தொடங்குகிறது. அதாவது குழாய் மருந்துக்கு மாற்று அன்று. மருந்து வேலை செய்வதற்கான வாய்ப்பை உண்டாக்குவதே குழாய். வழக்கமாக மொத்தம் 4 முதல் 6 வாரங்கள். தொடக்கத்தில் ஊசியாகவும், நன்கு தேறிய பிறகு மாத்திரையாகவும் கொடுப்போம். பல சிறு கட்டிகள் சிதறிக் கிடந்தாலோ வடிகால் சரியாக அமையாவிட்டாலோ இதைவிட நீளும்.

கிளெப்சியெல்லா என்று முடிவு வந்தால் இன்னும் இரண்டைக் கவனியுங்கள். அந்தக் கிருமியின் சில வகைகள், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களுக்கு, கல்லீரலிலிருந்து கண்ணுக்கும் மூளை உறைக்கும் நுரையீரலுக்கும் பரவும் இயல்புடையவை. பார்வை மங்குதல், கண்வலி, கண் சிவத்தல், கடும் தலைவலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே சொல்ல வேண்டும். கண்ணுக்குள் பரவிய தொற்று சில நாள்களிலேயே பார்வையைப் பறித்துவிடும். இரண்டாவது, கட்டிக்கான காரணம் வெளிப்படையாகத் தெரியாவிட்டால், உடல் தேறிய பிறகு பெருங்குடலைக் கொலோனாஸ்கோப்பி மூலம் பார்த்துவிடுவது நல்லது. பெருங்குடல் புற்றுநோயின் முதல் அடையாளமாகக் கல்லீரல் சீழ்க்கட்டி தோன்றுவது சிலரிடம் காணப்பட்டிருக்கிறது. இது அச்சுறுத்துவதற்காகச் சொல்லப்படுவதன்று. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருக்காது.

பழைய நோயாளி

எனக்கு வந்தது பாக்டீரியாக் கட்டி, 5 செ.மீ.க்கும் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. எனக்குக் குழாய் எதுவும் வைக்கவில்லை. ஊசியால் உறிஞ்சினார்கள், சில நாள் கழித்து மீண்டும் ஒருமுறை உறிஞ்சினார்கள், மருந்து தொடர்ந்தது, முழுமையாகக் குணமாகிவிட்டேன். உடம்பில் குழாயைச் சுமந்துகொண்டு படுக்கவும் நடக்கவும் படும் துன்பத்தை நினைத்தால், எல்லாருக்கும் முதலில் ஊசியை முயன்று பார்க்கலாமே என்று தோன்றுகிறது. மருத்துவர்கள் ஏன் உடனே குழாய்க்குப் போகிறார்கள்?

கதிர்வழி

நியாயமான கேள்வி. இதைக் குறித்து ஆய்வுகளே ஒரே குரலில் பேசுவதில்லை. 1998-இல் வெளியான, 50 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஒப்பீட்டில், ஊசிமுறை 60 விழுக்காட்டினருக்கே பலனளித்தது. குழாய் வைத்த அனைவரும் குணமானார்கள். 2004-இல் ஹாங்காங்கிலிருந்து வந்த ஆய்விலோ இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எத்தனை முறை ஊசி போட அனுமதிக்கப்பட்டது, எந்த அளவுக் கட்டிகள் சேர்க்கப்பட்டன என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது. ஊசி எளியது, குழாயைப் பராமரிக்க வேண்டியதில்லை, பல கட்டிகள் இருந்தால் ஒரே அமர்வில் அனைத்தையும் உறிஞ்சலாம். ஆனால், பெரிய கட்டியில் உறிஞ்சிய சீழ் மீண்டும் ஊறிவிடுகிறது. கெட்டியான சீழ் மெல்லிய ஊசியில் வருவதுமில்லை. ஆகவே உங்கள் அளவுக்கு ஊசியை முதலில் முயன்றதும் சரி, 8 செ.மீ. கட்டியும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் உள்ள ஒருவருக்கு நேரே குழாய் வைத்ததும் சரி. ஊசி தவறினால் பிறகு குழாய் வைக்கலாம் என்பது உண்மைதான். அந்த இடைப்பட்ட நாள்களைத் தாங்கும் நிலையில் நோயாளி இருக்கிறாரா என்பதே என் கவலையாக இருக்கும்.

வார்டுசெவிலி

இளையவள், குழாயுடன் அண்ணனை வீட்டுக்கு அனுப்பும் வாய்ப்பும் உண்டு என்பதால், அன்றாடக் கவனிப்பைப் பற்றி எழுதுகிறேன்.

குழாய் அடைக்காமல் இருக்க, நாளுக்கு இரண்டு மூன்று முறை, கிருமி நீக்கிய உப்புநீரை 5 முதல் 10 மி.லி. வரை மெதுவாக உள்ளே செலுத்தச் சொல்வார்கள். எவ்வளவு, எத்தனை முறை என்பதை உங்கள் மருத்துவமனையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளியேறும் முன்பே உங்களைச் செய்யச் சொல்லி அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். நீர் உள்ளே போக மறுத்தால் வலிந்து அழுத்தக் கூடாது. குழாயில் மூன்று வழித் திருகு இருந்தால், கழுவிய பிறகு அதைப் பைக்குச் செல்லும் பக்கமாகத் திறந்துவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். குழாய் அடைத்துவிட்டது என்று அலறியடித்துக்கொண்டு வருபவர்களில் பலருக்குத் திருகு மூடியிருப்பதே காரணமாக இருக்கும்!

அளவைக் குறிக்கும்போது ஒரு கணக்கை மறந்துவிடாதீர்கள். நீங்கள் உள்ளே செலுத்திய உப்புநீரும் பையில்தான் வந்து சேர்கிறது. நாள் முழுவதும் 30 மி.லி. செலுத்தி, பையில் 38 மி.லி. இருந்தால், உண்மையான வடிவு 8 மி.லி. மட்டுமே. இதைக் கழிக்காமல் எழுதினால், எடுக்க வேண்டிய குழாய் வீணாக நீடிக்கும். அளவோடு நிறத்தையும் எழுதுங்கள்: சீழ்நிறம், தெளிந்த நீர், பச்சை கலந்தது, இரத்தம் கலந்தது என்று ஒரு சொல் போதும்.

பை எப்போதும் குழாய் நுழையும் இடத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்; ஆனால் அதன் எடை தோலில் உள்ள தையலை இழுக்கக் கூடாது. குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் மையால் ஒரு கோடு போட்டுவைத்தால், அது நழுவுகிறதா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். நீரில் மூழ்கிக் குளிப்பது கூடாது. வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சுவிட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி சேரும். ஆகவே வலி மாத்திரையைத் தவிர்க்காமல் போட்டுக்கொண்டு, அவ்வப்போது ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லுங்கள். இந்நோயில் இரத்தத்தில் ஆல்புமின் என்னும் புரதம் குறைந்துவிடுவது வழக்கம் என்பதால் புரதம் மிகுந்த உணவு வேண்டும். சர்க்கரையை அடிக்கடி சோதித்து, இன்சுலின் அளவை மருத்துவர் சொல்கிறபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

மீண்டும் குளிர்நடுக்கம், மூச்சுத் திணறல், வயிறு முழுவதும் பரவும் வலி, பையில் புது இரத்தம், குழாயைச் சுற்றிச் சீழ் கசிதல், மஞ்சள் காமாலை ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். குழாய் தானே வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்ப உள்ளே தள்ள ஒருபோதும் முயலக் கூடாது. துளையின் மேல் சுத்தமான கட்டுத்துணியை வைத்து மூடிக்கொண்டு உடனே வந்துவிடுங்கள்.

இளையவள்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் இரு நோய்களின் வேறுபாட்டைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார். பெரியப்பா இன்னும் முழுமையாகச் சமாதானம் அடையவில்லை. கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்று வந்திருக்கிறது. கண் மருத்துவரும் வந்து பார்த்துவிட்டார். பார்வையில் சிக்கல் எதுவும் இல்லை. உப்புநீரைக் கழித்துப் பார்த்தால் வடிவு இப்போது 10 மி.லி.க்குள் வந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. குழாயை எடுத்துவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையுடன் வீட்டுக்கு அனுப்பலாம் என்கிறார்கள். ஆனால், ஸ்கேனில் இன்னும் 3 செ.மீ. அளவுக்கு ஒரு குழி தெரிகிறதாம். அது முழுவதும் மறையாமல் குழாயை எடுப்பது சரிதானா?

உள்நோய்மருத்துவர்

நீங்கள் சொல்லும் விவரங்களின்படி அது வழக்கமான முடிவுதான். ஸ்கேன் எப்போதும் நோயாளிக்குப் பின்னால்தான் வரும். கிருமி அழிந்து, மனிதர் எழுந்து நடந்து, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அந்தக் குழி படத்தில் தெரியும். அது சுருங்கி மறைய வாரங்களோ மாதங்களோ ஆகும். அமீபாக் கட்டியில் ஆறு மாதங்களுக்கு மேலும் தெரிவதுண்டு. குழி இருக்கிறது என்பதற்காக மீண்டும் குத்துவதும், மருந்தை முடிவின்றி நீட்டுவதும் தேவையற்றவை. இதனாலேயே, நலமாக இருப்பவருக்கு வாரந்தோறும் ஸ்கேன் எடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. அது கவலையைத்தான் பெருக்கும். மருந்துக்காலம் முடியும் தறுவாயில் ஒருமுறை எடுத்து, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவையும் பார்த்து முடிவு செய்வது பொதுவாகப் போதுமானது. காய்ச்சல் திரும்புவது, வலி கூடுவது, குழி முன்பைவிடப் பெரிதாவது ஆகியவைதான் மறுபடி பார்க்க வேண்டியவை. பரவல் இருக்கிறதா என்று கண்ணையும் தொடர்ந்து கவனித்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கால்சியம், இரும்புச் சத்து, துத்தநாகம் உள்ள மாத்திரைகளும், வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம் அல்லது மெக்னீசியம் கலந்த மருந்துகளும் சிப்ரோஃப்ளாக்சசினைக் குடலிலேயே பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் செய்துவிடும். நோயிலிருந்து எழுந்தவருக்குச் சத்து மாத்திரை கொடுப்பது வழக்கமாதலால் இது அடிக்கடி நேர்கிறது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்து தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். சிப்ரோஃப்ளாக்சசினைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்தோ, அதற்கு ஆறு மணி நேரம் முன்போ அவற்றைக் கொடுங்கள். பாலையோ தயிரையோ மட்டும் குடித்து இந்த மாத்திரையை விழுங்க வேண்டாம். நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கு இது சர்க்கரையைத் திடீரென்று இறக்கவும் கூடும். ஆகவே முதல் வாரத்தில் சற்று நெருக்கமாகவே சோதியுங்கள். குதிகாலின் பின்புறத் தசைநாணில் வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மெட்ரோனிடசோலும் சேர்த்து எழுதியிருந்தால், வாயில் உலோகச் சுவையும் சிறுநீரில் கருமையும் வருவது இயல்பு. மது அறவே கூடாது. கைகால் விரல்களில் மரத்துப்போதல் தொடங்கினால் உடனே தெரிவியுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன், அவர் ஏற்கெனவே சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் வார்டு மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, எதை எந்த நேரத்தில் கொடுப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.